கறுப்புக் கப்பா

குருப்பட்டத்துக்கு முந்தின படியில் இருக்கும் தியாக்கோன் எந்தச் சடங்குக்கு எதை உடுத்த வேண்டும் என்பதை அடைக்கலராஜ் குருமடத்தில் படித்து, பரீட்சை எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருந்தான். பூசையில் சாமியாருக்குத் துணை நிற்கும்போது வெள்ளை அங்கி, அதன்மேல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே போகும் ஸ்டோலா என்ற துணிப்பட்டை. பெரிய திருநாள் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே கை வைத்துத் தைத்த தால்மாத்திகா என்ற மேலங்கி. பூசை இல்லாமல் அவனே நடத்திவைக்கும் அடக்கத்துக்கு அங்கியும் ஸ்டோலாவும் போதும். மேலே கப்பா அணியலாம். தோளிலிருந்து குதிகால் வரை விழுகிற, மார்பில் கொக்கி போட்ட அந்தக் கனத்த போர்வையைப் பற்றிப் பாடத்தில் இருந்தது அவ்வளவுதான். அந்த 'அணியலாம்' என்ற சொல்லுக்காக ஒருநாள் தடிகளுக்கு முன்னால் நிற்க வேண்டிவரும் என்று அப்போது யார் கண்டது?

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம். சென்னையில் கழக ஆட்சி, எலெக்‌ஷன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பூவிளங்குடியில் சம்பா அறுவடை பாதியில் நின்றுபோயிருந்தது. பங்குச் சாமியார் குடலிறக்க ஆப்பரேஷனுக்காகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பக்கத்துப் பங்குலேர்ந்து ஆள் வரும். மத்ததெல்லாம் நீ பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தார். தியாக்கோன் அடைக்கலராஜுக்குச் சித்திரையில் குருப்பட்டம். கும்பகோணத்து வாத்தியார் மகன். தெருமுனையில் சண்டை என்று கேள்விப்பட்டாலே வேறு வழியாகச் சுற்றி வீடு வந்து சேர்கிற பிள்ளை என்று அவன் அம்மா சொல்லிச் சிரிப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கூலியை ஏற்றிக் கேட்டு, பண்ணையாட்களின் சேரியான குளத்துமேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்பில் நட்டிருந்த சிவப்புக்கொடியைப் பிடுங்கப் போன இடத்தில் கைகலப்பானது. அதில் ஆரோக்கியம் என்ற பண்ணையாள் மண்டையில் தடியடி பட்டு விழுந்தான். மன்னார்குடியில் கட்டுப்போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அடித்தது பெரிய பண்ணை ஆட்கள் என்று ஊருக்கே தெரியும். போலீஸ் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தது.

பெரிய பண்ணை பெரியநாயகசாமி கத்தோலிக்கர். செத்த ஆரோக்கியமும் கத்தோலிக்கன். இரண்டு பேருக்கும் ஒரே கோவில், ஞானஸ்நானம் வாங்கியதும் ஒரே தொட்டியில். சாவு மட்டும் இரண்டு விதம். மிராசுதார்கள் குடியிருக்கும் மாதா கோவில் தெருவில் ஒருவர் இறந்தால் சாமியார் கறுப்புக் கப்பா போட்டுக்கொண்டு முன்வாசலிலிருந்து புறப்படுவார். தெரு நெடுக நடந்து, வாய்க்கால் பாலம் தாண்டி, கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூடவே வருவார். குளத்துமேட்டில் ஒருவர் இறந்தால் மதகைத் தாண்டி வாய்க்கால் கரையோடு தூக்கிவந்து கோவிலின் பின்கதவருகே இறக்கிவைப்பார்கள். சாமியார் வெறும் அங்கியோடு வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவார். குழி வரைக்கும் போவது கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ராயப்பன்தான். யார் இப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று காலையில் ஆரோக்கியத்தின் மனைவி அருள்மேரி கோவிலுக்கு வந்தாள். கூட வந்த விவசாயக் கூலிகள் சங்கத் தலைவர் வீரையன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவருக்குக் கோவில் குளம் எதிலும் நம்பிக்கை கிடையாது.

"சாமி, மதியத்துக்கு மேல ஒடம்பக் குடுத்துருவாங்களாம். வேன்லயே நேரா இங்க கொண்டாந்துர்றோம்" என்றாள் அருள்மேரி.

"கொண்டாங்கம்மா. நான் இருக்கேன்."

"முன்வாசலுக்கு, சாமி."

அடைக்கலராஜ் கேட்டுக்கு வெளியே நின்ற வீரையனைப் பார்த்தான்.

"அந்தக் கறுப்புத் துணியப் போட்டுக்கிட்டு நீங்க குழி மட்டும் கூட வரணும். பின்கதவு வழியா அனுப்புற மாதிரி அவரு ஒரு தப்பும் பண்ணலைங்க." அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரலாக இருந்தது.

வெளியே வந்தபோது வீரையன் அவனைத் தனியே கூப்பிட்டார். "உங்க கோயில் விசயத்துல நான் தலையிடல தம்பி. ஆனா பாலத்துல ஆள் நிறுத்தப்போறாங்கன்னு காதுல விழுந்துச்சு. எங்க பசங்களும் கொதிச்சுப்போயிருக்காங்க. ஒரு கல்லு விழுந்தாப் போதும், அப்புறம் என்னாலயும் நிறுத்த முடியாது. தெரிஞ்சுக்குங்க."

தெரிந்துகொண்டான். காலைச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டான்.

பத்து மணி வாக்கில் பெரியநாயகசாமியின் அம்பாசிடர் வந்து நின்றது. சாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடம்பு எப்படி, சமையல்காரன் ஒழுங்காகச் சமைக்கிறானா என்றெல்லாம் விசாரித்தார். அருள்மேரி கேட்டுப்போனது அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் கப்பா எங்க தாத்தா பாண்டிச்சேரியில சொல்லித் தச்சு வரவழைச்சது பிரதர். எங்க குடும்பத்துல அத்தனை பேரையும் அதப் போட்டுத்தான் அடக்கம் பண்ணியிருக்கு."

"கேள்விப்பட்டேங்க."

"நீங்க இன்னும் சாமியார் ஆகல. பட்டம் வாங்காதவங்க கப்பா போடலாமா?"

"தியாக்கோன் போடலாங்க. பூசை இல்லாத அடக்கத்துக்குப் போடலாம்னு இருக்கு."

"போடலாமா, போடணுமா?"

அடைக்கலராஜ் தரையைப் பார்த்தான். "போடலாங்க."

"அப்ப போடாமயும் இருக்கலாம்." பெரியநாயகசாமி சிரித்தார். "படிச்சவங்க நீங்க. சட்டத்துக்குள்ள நின்னுக்குங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. சித்திரையில பட்டம்னு கேள்விப்பட்டேன். பிஷப் வீட்டுல நம்மளக் கேக்காம எதுவும் பண்ண மாட்டாங்க. நல்லபடியா நடக்கும்." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "பாலத்துல நிக்கிறவனுங்க எல்லாம் வயசுப் பசங்க. மரியாதை தெரியாதவனுங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டானுங்க பாருங்க."

கார் போன பிறகு வெகுநேரம் புழுதி வாசலிலேயே நின்றது.

அடைக்கலராஜ் பூசை உடுப்புகள் வைக்கும் சக்ரீஸ்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பீரோவைத் திறந்தான். நாப்தலின் வாடையோடு கப்பா தொங்கியது. முதுகில் வெள்ளி ஜரிகைச் சிலுவை. தொட்டால் சாக்கு மாதிரிக் கனம். பாலத்தை நினைத்தான். வரப்பில் விழுந்த ஆரோக்கியத்தின் மண்டையை நினைத்தான். அந்தச் சத்தம் கேட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள், தேங்காய் உடைவது மாதிரி. தன் தலையைத் தானே கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அணியலாம். அணியாமலும் இருக்கலாம். இதில் பாவம் என்ன? குழி வரைக்கும் கூடவே வந்தால் போயிற்று. முன்வாசலில் வரவேற்று, தெருவழியாகவே நடந்தால் போயிற்று. மேலே ஒரு துணி இல்லாததால் செத்தவனுக்கு என்ன நஷ்டம்? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனான். புதுச் சடங்கு முறைப் புத்தகத்தில் அந்த 'அணியலாம்' என்பதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அடக்கத்தில் ஆள் பார்த்தும் அந்தஸ்து பார்த்தும் வித்தியாசம் காட்டக் கூடாது என்பது அது. அங்கே 'லாம்' எதுவும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் போகாமல் மனத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான். பீரோவை மூடினான்.

வெயில் சாயத் தொடங்கியபோது வேன் வந்தது. குளத்துமேடே பின்னால் வந்தது. முன்வாசல் படியில் ஆரோக்கியத்தை இறக்கிவைத்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. பஞ்சு அடைத்த மூக்கு. அடைக்கலராஜ் வெள்ளை அங்கியும் ஊதா ஸ்டோலாவுமாகத் தீர்த்தச் செம்போடு வெளியே வந்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. அருள்மேரி மட்டும் அவன் தோளைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்ல சாமி" என்றாள். "வந்தீங்களே, அது போதும்."

அவள் கோபித்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். சட்டத்தைச் சொல்லியிருப்பான். "ஒரு நிமிசம் இருங்கம்மா" என்று செம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். நின்று யோசித்தால் திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தது. பீரோவைத் திறந்து கப்பாவை உருவித் தோளில் போட்டான். கொக்கி மாட்ட வரவில்லை. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ மாட்டியது.

அவன் வெளியே வந்ததும் சிலுவை பிடித்து நின்ற உபதேசியார் ராயப்பனின் முகம் வெளுத்துப்போனது.

"வேணாங்க சாமி. எனக்குப் பொட்டப்புள்ளைங்க இருக்கு. இந்த ஊர்லதான் நான் இருந்தாகணும்." நெட்டைச் சிலுவையைச் சுவரில் சாய்த்துவிட்டு, யார் கண்ணையும் பார்க்காமல் பக்கவாட்டில் இறங்கிப் போய்விட்டார். அடைக்கலராஜுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

சிலுவையை யார் எடுப்பது என்று ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருள்மேரி போய் அதை எடுத்துக்கொண்டாள். பெண்பிள்ளை சிலுவை பிடித்து முன்னால் போய் அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

மாதா கோவில் தெருவில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. எங்கோ பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ பட்டென்று நிறுத்தினார்கள். ஜன்னல் இடுக்குகளில் கண்கள் இருப்பது தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை. அடைக்கலராஜ் செபம் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முதுகு மட்டும் விழித்துக்கொண்டு இருந்தது. எந்த மாடியிலிருந்து கல் வரும், எந்தச் சந்திலிருந்து ஆள் வருவான் என்று முதுகு தேடிக்கொண்டே நடந்தது. கப்பாவின் கனத்தில் கழுத்து வியர்த்தது. பின்னால் செருப்பில்லாத கால்களின் சத்தம் மட்டும் மழை மாதிரி வந்துகொண்டிருந்தது.

பாலத்துக்குச் சற்று முன்னால் பூவரச மரத்தடியில் சப் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு நின்றிருந்தார். அவனைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நகரவில்லை.

பாலத்தின் குறுக்கே பத்துப் பன்னிரண்டு பேர். மாதா கோவில் தெருவின் இளவட்டங்கள், பண்ணைக் காவல்காரர்கள். கையில் தடி. ஒருவன் துண்டைத் தலையில் இறுகக் கட்டியிருந்தான். ஞாயிறுதோறும் பூசையில் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிற முகங்கள்தான்.

"திரும்பிப் போங்க பிரதர்" என்றான் தலைப்பாகைக்காரன். "பொணம் கரையோட போவட்டும். அந்தத் துணியக் கழட்டிட்டு நீங்க வீட்டுக்குப் போங்க."

பின்னால் குளத்துமேட்டு ஆண்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். "விடுங்கடா, பாத்துருவோம்" என்று ஒரு குரல். "எவனும் அசையக் கூடாது" என்று வீரையன் அதட்டுவது கேட்டது. அருள்மேரி சிலுவையைப் பிடித்தபடி தடிகளுக்கு ஒரு முழத்தில் நின்றாள். இப்போது என்ன செய்வது என்று அடைக்கலராஜுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. தேங்காய் உடைகிற சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. தொடைவழியே சூடாக ஏதோ இறங்கியது. என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. அங்கி நனைந்து காலோடு ஒட்டியது. கறுப்புக் கப்பா அதை மூடிக்கொண்டிருந்தது.

அந்த அவமானத்தில்தானோ என்னவோ, தொண்டை திறந்துகொண்டது. இறந்தவர்களுக்காகப் புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற பிரார்த்தனையைக் கரகரத்த குரலில் ஆரம்பித்தான்.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே..."

"இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது பின்னாலிருந்த கூட்டம்.

"அர்ச்சியசிஷ்ட சூசையப்பரே..."

"இவருக்காக வேண்டிக்கொள்ளும்."

ராயப்பர், சின்னப்பர் என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனான். நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று பயம். எத்தனையாவது பெயரிலோ தெரியவில்லை, பாலத்தின் மேலிருந்தும் ஒரு குரல் முணுமுணுத்தது. தடி பிடித்திருந்தவர்களில் வயதில் மூத்த ஒரு காவல்காரன். பிறந்ததிலிருந்து சொல்லி வந்த வாய், நினைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுத் திடுக்கிட்டவன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான். அருள்மேரி அவனையே பார்த்தாள். அவன் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கினான். அவன் ஒதுங்கிய இடத்தில் சிலுவை நுழைந்தது. தலைப்பாகைக்காரன் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினானே தவிர, சிலுவைமேல் கை வைக்க அவனுக்கும் வரவில்லை. மற்றவர்கள் ஒதுங்கினார்கள் என்று சொல்ல முடியாது. இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. யாரோ அவன் விலாவில் முழங்கையால் ஓங்கி இடித்தார்கள். பெயர்களை விடாமல் சொல்லிக்கொண்டே தாண்டினான்.

அடக்கம் முடிந்தது. மண் தள்ளினார்கள். அருள்மேரி அப்போதுதான் சத்தம்போட்டு அழுதாள்.

திரும்பி வருவதுதான் கஷ்டமாக இருந்தது. குளத்துமேட்டு ஜனங்களுக்கு வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம். கோவில் அந்தப் பக்கம். "நாலு பேர் கூட வர்றோம் தம்பி" என்றார் வீரையன்.

"வேணாங்க. நீங்க வந்தா அடிதடியாயிரும். நான் போயிக்கிறேன்." சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று பத்தடி போவதற்குள் நினைத்துவிட்டான்.

பாலத்தில் இளவட்டங்கள் இல்லை. பெரியநாயகசாமி மட்டும் நின்றிருந்தார். கார் சற்றுத் தள்ளி நின்றது. காலையில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

"கழட்டுங்க பிரதர்."

"கோயில்ல போய்த்தாங்க கழட்டுவேன்." தன் குரல் கீச்சென்று வந்ததை அவனே கேட்டான்.

"எங்க தாத்தா குடுத்தது அது."

"கோயிலுக்குக் குடுத்ததுங்க."

அவர் கிட்டே வந்தார். கொக்கியில் விரலை நுழைத்துப் பிடித்துக்கொண்டார். வெற்றிலை வாடை முகத்தில் அடித்தது. "எங்க ஆத்தா சாகக் கெடக்குறா. தெரியுமில்ல? போன வாரம் நீங்கதான வந்து நன்மை குடுத்தீங்க? அவ போறப்ப இதையேவா போட்டுக்கிட்டு வருவீங்க? குளத்துமேட்டான் குழியில நின்ன துணியவா?"

அதட்டலாக ஆரம்பித்தது, முடிக்கும்போது கேள்வியாகிவிட்டது. மனுஷன் நிஜமாகவே அதைத்தான் கேட்டார். அந்தக் கிழவியின் கை அடைக்கலராஜுக்கு நினைவு வந்தது. நாக்கில் நன்மை அப்பத்தை வாங்கியபின் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாள். 'இல்லைங்க' என்று ஒரு சொல் சொன்னால் விரல் கொக்கியை விட்டுவிடும். அவன் உடம்பு முழுவதும் அந்தச் சொல்லைச் சொல்லத் தயாராக இருந்தது.

"ஆமாங்க" என்றான். "இதையேதான் போட்டுக்கிட்டு வருவேன்."

கொக்கியைப் பிடித்த கை முறுக்கியது. கழுத்துத் துணி இறுகி மூச்சு அடைத்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"ஐயா, வண்டி வருதுங்க. கொஞ்சம் ஒதுங்குங்க" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். வைக்கோல் பாரம் பாலத்தை அடைத்துக்கொண்டு ஆடி ஆடி வந்தது. மாட்டைப் பிடித்து நிறுத்த வண்டிக்காரனால் முடியவில்லை. பெரியநாயகசாமி கையை விட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வண்டி கடந்துபோய்ப் பார்த்தபோது அவர் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

சக்ரீஸ்தில் கப்பாவைக் கழற்றி மாட்டினான். ஈரம் பட்டிருக்கிறதா என்று உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அங்கியைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் துவைக்க உட்கார்ந்தான். ராயப்பன் எங்கிருந்தோ வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"குடுங்க சாமி, நான் அலசிப் போடுறேன்."

"இல்ல, நானே பண்ணிக்கிறேன்."

"எம்மேல வருத்தமா சாமி?"

"இல்லீங்க." அது உண்மை. சோப்பை எடுத்து அங்கியின் ஓரத்தை மறுபடி தேய்த்தான். அன்றைக்கும் அதற்கு மறுநாளும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால்கூட எழுந்துபோய் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தான். ஒருவரும் வரவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

ஒரு வாரத்தில் பிஷப் வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தியாக்கோன் கப்பா போட்டது தவறில்லை, ஆனால் சமயம் பார்த்துப் போட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். சித்திரைப் பட்டம் மார்கழிக்குத் தள்ளிப்போனது. அவனை நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பங்குக்கு மாற்றினார்கள். ஆரோக்கியம் கேஸில் சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் கைதான எல்லோரும் வெளியே வந்தார்கள். கூலி கொஞ்சம் ஏறியது.

ஆவணிக் கடைசியில் ராயப்பன் வேளாங்கண்ணிக்கு வந்தவர் அவனையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். பெரியநாயகசாமியின் தாயார் இறந்துபோனதாகச் சொன்னார். பங்குச் சாமியார் உடம்பு தேறி வந்து அவர்தான் அடக்கம் செய்தாராம்.

"கப்பா போட்டாங்களா?" என்று கேட்டான் அடைக்கலராஜ்.

"போட்டாங்க சாமி. பெரிய பண்ணைக்காரர் திருச்சியில சொல்லிப் புதுசா ஒண்ணு தச்சு வாங்கிட்டாருங்க. நல்ல வெல்வெட்டு. பழசக் குளத்துமேட்டுக்குன்னு ஒதுக்கியாச்சு. இப்பல்லாம் அவங்க சாவுக்கும் சாமியார் கப்பாவோட வந்துர்றாரு. தெருவழியாத்தான் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எல்லாருக்கும் திருப்திங்க."

"ரெண்டும் ஒரே பீரோவுலயா இருக்கு?"

"அது எப்படிங்க சாமி?" என்றார் ராயப்பன் ஆச்சரியமாக. "பழசுக்குத் தனியா ஒரு பொட்டி போட்டிருக்கோம்."